பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: வன்பொருள் ஒத்துழைக்காதபோது செய்ய வேண்டியவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் செயலியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இதனால் 2017-க்கு முன் வந்த லேப்டாப்புகள் ஏராளமானவை, எந்தப் பழுதும் இல்லாமலே, சிங்கப்பூரின் வீவக வீடுகளில் அலமாரிக்குள் போய்விட்டன. படிக்கும் பிள்ளைக்கோ, தமிழில் செய்தி வாசிக்க விரும்பும் தாத்தாவுக்கோ அவற்றில் பெரும்பாலானவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் போதும்.

ஆனால், "போட்டுப் பார்த்தேன், வைஃபை வரவில்லை. என் லேப்டாப்புக்கு லினக்ஸ் சரிப்படாது" என்று கைவிடுபவர்கள் அதிகம். லேப்டாப் முழுவதுமே சரிப்படாமல் போவது அரிது. உள்ளே ஒன்றிரண்டு சில்லுகள்தாம் முரண்டு பிடிக்கும். ஆகவே லேப்டாப்பின் மாடல் பெயரை வைத்துத் தீர்வு தேடாதீர்கள்; சில்லின் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாடல் பெயரில் விற்ற இரண்டு லேப்டாப்புகளில் ஒன்றில் இன்டெல் வைஃபையும் மற்றதில் ரியல்டெக்கும் இருப்பது சாதாரணம். ஒருவருக்குப் பலித்த தீர்வு மற்றவருக்குப் பலிக்காததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் (லினக்ஸில் கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியும் கோடும் இங்கே உள்ளபடியே வைத்துத் தட்டுங்கள்.

விண்டோஸை அழிப்பதற்கு முன்

படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டுக்கு மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு. பழைய லேப்டாப்புகளுக்குத் தயாரிப்பாளர் தரும் பயாஸ் கோப்பு பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே ஓடும். விண்டோஸ் இருக்கும்போதே கடைசிப் பதிப்பைப் போட்டுவிடுங்கள். தூக்கநிலை, மின்விசிறி, திரை வெளிச்சம் தொடர்பான சில தொல்லைகள் அதிலேயே தீரும்.

விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மீட்புச் சாவியை எழுதி வைத்துவிட்டு, குறியாக்கத்தை நிறுத்திவிட்டுத்தான் பயாஸில் கைவைக்க வேண்டும். விண்டோஸின் வேகத் தொடக்க வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாது. விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும்.

பிறகு லேப்டாப்பைத் திருப்பி, அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அழுத்தினால் சொடுக்காவிட்டாலோ அது டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோளாறு இல்லை. கீழே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். உப்பியிருந்தால் அதை மாற்றும்வரை அந்த லேப்டாப்பை மின்னேற்றவே கூடாது.

செயலி எந்தக் காலத்தது?

லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்க உதவும் யூஎஸ்பி) நுழைந்ததும் "எல்எஸ்சிபியூ" என்று தட்டினால், செயலி 64-பிட்டில் இயங்குமா என்று தெரியும். 64-பிட் என்றால் லினக்ஸ் மின்ட், டெபியன், எம்எக்ஸ் லினக்ஸ் என்று லினக்ஸ் விநியோகங்களில் (வகைகளில்) விருப்பம்போல் எடுக்கலாம். 32-பிட் மட்டும் என்றால் வாசல் குறுகிக்கொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் கணினிக்கான நிறுவியே இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது. இலகுவான விநியோகமான ஆன்டிஎக்ஸ், டெபியன் 12 ஆகியவை இன்னும் ஓடும். எழுதவும் பாட்டுக் கேட்கவும் பயன்படும். வங்கிக் கணக்கைத் திறக்க அந்த இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இடையில் இன்னொரு வகை உண்டு. கோர் 2 டுவோ போன்றவை 64-பிட் செயலிகள்தாம், ஆனால் பின்னால் வந்த சில கட்டளைத் தொகுதிகள் அவற்றில் இல்லை. ரெட் ஹேட் லினக்ஸின் 9-ஆம் பதிப்பும் அதன் வழிவந்தவையும் அந்தத் தொகுதிகளைக் கேட்பதால் இவற்றில் தொடங்கவே தொடங்கா. டெபியனும் மின்ட்டும் கேட்பதில்லை.

நினைவகம் 4 ஜிபி இருந்தால் எக்ஸ்எஃப்சிஈ மேசைச்சூழல் போதும். 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ். உள்ளே சுழலும் வன்தட்டு இருந்தால், பணம் செலவழிப்பதற்கு முதல் இடம் அதுதான்: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. வேறு எந்த மாற்றமும் வேகத்தில் இந்த அளவு வித்தியாசம் காட்டாது.

யூஎஸ்பியிலிருந்து தொடங்கவில்லையா?

முதலில், இறக்கிய லினக்ஸ் கோப்பின் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பு கெடாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். பாதியில் கெட்ட கோப்பால் வரும் பிழைகள் வன்பொருள் கோளாறு போலவே தோன்றும். அடுத்து, நீல நிற யூஎஸ்பி 3 துளையை விட்டுக் கறுப்புத் துளையில் செருகிப் பாருங்கள். பழைய பயாஸ்கள் சில யூஎஸ்பி 3-லிருந்து தொடங்கத் தெரியாதவை.

2012-க்குப் பிந்தைய லேப்டாப் என்றால் பயாஸுக்குள் செக்யூர் பூட் (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பூட்டு) இருக்கும். அணைத்துவிட்டுச் சோதிப்பது எளிது. ஏசர் லேப்டாப்புகள் பலவற்றில் அந்த வரி மங்கலாக, தொட முடியாதபடி இருக்கும். சூப்பர்வைசர் கடவுச்சொல் ஒன்றை வைத்தால்தான் அது திறக்கும். கடவுச்சொல்லை மறக்காமல் எழுதி வையுங்கள்.

பே டிரெயில் ஆட்டம் செயலி கொண்ட சிறு லேப்டாப்புகள் பலவற்றில் செயலி 64-பிட், யூஈஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) மட்டும் 32-பிட். சாதாரண யூஎஸ்பியை அவை கண்டுகொள்ளாது. 32-பிட் யூஈஎஃப்ஐ தொடக்கக் கோப்பும் சேர்ந்துள்ள நிறுவியைத்தான் தேடி எடுக்க வேண்டும்.

நிறுவி முடித்த பிறகு நேராக விண்டோஸுக்கோ கறுப்புத் திரைக்கோ போகிறதா? சில பழைய யூஈஎஃப்ஐகள் விண்டோஸின் தொடக்கக் கோப்பையும் பொதுவான மாற்றுப் பாதையையும் தவிர வேறெதையும் தேடுவதில்லை. டெபியனை வல்லுநர் முறையில் நிறுவினால், "நீக்கக்கூடிய ஊடகப் பாதையிலும் க்ரப்பை நிறுவவா" என்ற கேள்வி வரும் (க்ரப் என்பது லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிறு நிரல்). ஆம் என்று சொல்லுங்கள்.

நிறுவிக்கு வட்டே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா அமைப்பு "ரெய்டு" அல்லது "ஆர்எஸ்டி" என்றிருக்கும். "ஏஎச்சிஐ" என்று மாற்றுங்கள். விண்டோஸும் வேண்டுமென்றால், விண்டோஸை அடுத்த முறை பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்கும்படி முன்பே அமைத்துவிட்டு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நீலத்திரைதான்.

லைவ் அமர்வில் கணக்கெடுப்பு

லைவ் அமர்வு திறந்ததும் நிறுவு பொத்தானை அழுத்தாதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கி வைஃபை, ஒலி, வெளிச்ச விசைகள், டச்பேட், கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். லைவில் வேலை செய்தது நிறுவிய பிறகும் பெரும்பாலும் வேலை செய்யும்.

பிறகு "எல்எஸ்பிசிஐ -என்என்கே" என்று தட்டுங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் சதுர அடைப்புக்குள் எண் இணை ஒன்று வரும். முற்பாதி தயாரிப்பாளர்: 8086 இன்டெல், 14ஈ4 பிராட்காம், 10ஈசி ரியல்டெக், 168சி ஏதெரோஸ், 10டிஈ என்விடியா, 1002 ஏஎம்டி. பிற்பாதி குறிப்பிட்ட சில்லு. அதற்குக் கீழே, பயன்பாட்டில் உள்ள கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) டிரைவர் எது என்று சொல்லும் வரி இருக்கும். யூஎஸ்பி வழி இணைந்த கேமரா, புளூடூத் போன்றவற்றுக்கு "எல்எஸ்யூஎஸ்பி". இரண்டின் விடைகளையும் கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்தக் கோளாறாக இருந்தாலும் கேள்விகள் மூன்றுதான். டிரைவர் வரி இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் சில்லுக்கு டிரைவர் ஏறவில்லை. வரி இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், "சுடோ டிஎம்ஈஎஸ்ஜி" காட்டும் பதிவில் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்) ஏறவில்லை என்ற செய்தி இருக்கிறதா? அதுவும் இல்லை என்றால், ஏதாவது அமைப்பு அதை அடைத்து வைத்திருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுதொடக்கம் செய்து, விளைவைக் குறித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நாலு தீர்வுகளை ஒன்றாகப் போட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வைஃபை: அதிகம் கைவிடப்படும் இடம்

வைஃபை இல்லாமல் வைஃபை டிரைவரை இறக்குவது எப்படி? வீட்டு ஃபைபர் ரவுட்டரிலிருந்து கம்பி இழுக்கலாம். அல்லது ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து, வைஃபைக்குத் தடை இருக்கிறதா என்று காட்டும் "ஆர்எஃப்கில் லிஸ்ட்". மென்பொருள் தடை என்று வந்தால் "ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்" அதை நீக்கும். வன்பொருள் தடை என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய திங்க்பேடுகள் பலவற்றில் முன்விளிம்பில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் படாது. சுவிட்சே இல்லாத லேப்டாப்பில் வன்பொருள் தடை காட்டினால் ஏசர்-டபிள்யூஎம்ஐ, ஐடியாபேட்-லேப்டாப் போன்ற துணை மாட்யூல்கள் (கெர்னலில் ஏற்றி நீக்கக்கூடிய டிரைவர்கள்) பொய்த் தகவல் தரக்கூடும். "சுடோ மோட்ப்ரோப் -ஆர்" என்பதோடு அந்த மாட்யூலின் பெயரைக் கொடுத்து அதை நீக்கிப் பாருங்கள். தடை மறைந்தால் அதை நிரந்தரமாகத் தடுப்புப் பட்டியலில் சேர்க்கலாம்.

டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் 12-ஆம் பதிப்பிலிருந்துதான் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரும் சேர்ந்து வருகிறது. டிராயரில் கிடக்கும் பழைய டெபியன் யூஎஸ்பியைப் போட்டு இன்டெல் வைஃபை வரவில்லை என்றால், புதிய நிறுவியை இறக்குவதே தீர்வு. இன்டெல்லும் ஏதெரோஸும் பொதுவாகத் தொல்லை தராதவை.

பிராட்காம்தான் பொறுமை கேட்கும். 14ஈ4:4315 என்றால் பிசிஎம்4312. அதற்குக் கெர்னலில் உள்ள பி43 டிரைவர் போதும். "ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்" என்ற மென்பொருள் பொதியை நிறுவினால் ஃபர்ம்வேரைத் தானே இறக்கிக்கொள்ளும். 14ஈ4:4365 என்றால் பிசிஎம்43142. இதற்கு பிராட்காமின் மூடிய டபிள்யூஎல் டிரைவர் மட்டுமே வழி. டெபியனில் "பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்", உபுண்டுவிலும் மின்ட்டிலும் "பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்" என்ற பொதி. இந்த டிரைவரை பிராட்காம் 2015-க்குப் பின் புதுப்பிக்கவில்லை. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அது உடையும் வாய்ப்பு உண்டு; விநியோகத்தின் தன்னார்வலர்கள்தாம் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கியிருந்தால், இப்படி வெளியிலிருந்து கட்டப்படும் டிரைவர்களுக்கு உங்கள் சொந்தச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லை மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் கொடுத்தால்தான் பதிவு முடியும். அந்தத் திரையைக் கவனிக்காமல் கடந்துவிட்டு டிரைவரைக் குறை சொல்பவர்கள் பலர்.

ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஈ வேறு விதம். டிரைவர் இருக்கும், வைஃபை பெயர்களும் தெரியும், ஆனால் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இணையும். பல எச்பி லேப்டாப்புகளில் ஆன்டெனா ஒன்றுதான். டிரைவர் தவறான முனையைப் பார்த்துக்கொண்டிருக்கும். "ஈடிசி" அடைவின் "மோட்ப்ரோப்.டி"க்குள் புதிய கோப்பு ஒன்றை, பெயர் புள்ளி-சிஓஎன்எஃப் என்று முடியும்படி உருவாக்கி, "ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஈ ஏஎன்டி_எஸ்ஈஎல்=2" என்று எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் 2-ஐ 1 ஆக்குங்கள். பலித்தால் மூன்று அறை தள்ளிக்கூட இணைப்பு அறுபடாது.

சிங்கப்பூரில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை அலைவரிசைகள் உண்டு. அமெரிக்கக் குறியீட்டில் இயங்கும் வைஃபை அட்டை 12, 13-ஐப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் தெரிகின்றன, உங்கள் ரவுட்டர் மட்டும் தெரியவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். "சுடோ ஐடபிள்யூ ரெக் செட் எஸ்ஜி" என்று கொடுங்கள்; இங்கே எஸ்ஜி மட்டும் பேரெழுத்தில். அட்டைக்குள்ளேயே அமெரிக்கக் குறியீடு பதிந்திருந்தால் இது பலிக்காது. அப்போது ரவுட்டரை 1, 6, 11-இல் ஒன்றுக்கு நிலைநிறுத்துங்கள். பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டால், ரவுட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையில் மட்டும் இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய அட்டைகள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த அமைப்பு வேண்டும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் அட்டையையே மாற்றுங்கள். அதற்கு முன் பயாஸ் அதை ஏற்குமா என்று விசாரியுங்கள். பழைய திங்க்பேடுகள் அங்கீகாரமில்லாத அட்டையைக் கண்டால் 1802 என்ற பிழையோடு நின்றுவிடும். பழைய எச்பிகளிலும் இப்படி உண்டு. அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு யூஎஸ்பி வைஃபைதான் வழி. சிம் லிம் ஸ்குவேரிலோ கரோசலிலோ வாங்கும்போது பெட்டியின் மேல் "லினக்ஸ்" என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், உள்ளே என்ன சில்லு என்று கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யூ, ஏதெரோஸ் ஏஆர்9271 இரண்டுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது, செருகினால் போதும். சில்லின் பெயரைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்காமல் அடுத்த கடைக்குப் போகலாம்.

திரை கறுத்துப்போனால்

க்ரப் பட்டியல் தெரியும்போது ஆங்கில "ஈ" விசையை அழுத்துங்கள். "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் "நோமோட்செட்" என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை வந்துவிட்டால் கோளாறு கிராஃபிக்ஸ் டிரைவரில். இது உள்ளே நுழைவதற்கான சாவி மட்டுமே. நிரந்தரமாக வைத்துக்கொண்டால் காணொளி திக்கித் திணறும், வெளிச்ச விசையும் வேலை செய்யாது.

என்விடியா என்றால் தலைமுறை முக்கியம். ஜிஃபோர்ஸ் 8, 9, 200, 300 வரிசைகளுக்கு 340 டிரைவர்; 400, 500-க்கு 390; கெப்லர் வகை 600, 700-க்கு 470. மூன்றின் ஆதரவையும் என்விடியா முடித்துக்கொண்டது. 340-இன் ஆதரவு 2019-இலேயே முடிந்துவிட்டது. அந்தப் பழையவற்றுக்குத் கெர்னலில் உள்ள, திறந்த மூல நூவோ டிரைவரோடு இருப்பதே நிம்மதி. இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில், பயாஸ் அனுமதித்தால் என்விடியாவை அணைத்துவிடுங்கள். சூடும் குறையும், பேட்டரியும் நீடிக்கும். பழைய ஏஎம்டிக்கு எதையும் இறக்க வேண்டாம். கெர்னலில் உள்ள ரேடியான் டிரைவரே நல்லது.

வெளிச்ச விசை மட்டும் முரண்டு பிடித்தால், அதே க்ரப் வரியில் "ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்" என்று முயலுங்கள்; அடுத்து "வெண்டர்", பிறகு "வீடியோ". பலித்ததை "ஈடிசி" அடைவின் "டீஃபால்ட்" உள்ளடைவில் இருக்கும் "க்ரப்" கோப்பில் எழுதி "சுடோ அப்டேட்-க்ரப்" கொடுத்தால் நிலைக்கும்.

ஒலி, தூக்கம், டச்பேட்

ஒலி வராததற்குப் பெரும்பாலும் காரணம், அது எச்டிஎம்ஐ வழியே போய்க்கொண்டிருப்பதுதான். ஒலி அமைப்பில் வெளியீட்டை மாற்றுங்கள். பிறகு "அல்சாமிக்ஸர்" திறந்து, எஃப்6-இல் சரியான அட்டையைத் தேர்ந்து, "எம்எம்" என்று அடைபட்டிருக்கும் பட்டைகளை எம் விசையால் திறந்துவிடுங்கள்.

மூடித் திறந்தால் விழிக்கவில்லையா? "கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்" என்று பாருங்கள். சதுர அடைப்பு "எஸ்2ஐடில்" மேல் இருந்து, பக்கத்தில் "டீப்" என்றும் இருந்தால், க்ரப் வரியில் "மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்=டீப்" சேருங்கள்.

தூங்கி எழுந்ததும் டச்பேட் செத்துவிட்டால் "சுடோ மோட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ்", அடுத்து "சுடோ மோட்ப்ரோப் பிஎஸ்மவுஸ்". உயிர்பெற்றால் சிக்கல் அந்த டிரைவரில்தான் என்று உறுதியாகிவிடும்.

டிரைவர் போலத் தோன்றும் வயதுக் கோளாறுகள்

இணையம் இணைந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்கிறது, மென்பொருள் புதுப்பிப்பும் மறுக்கிறது என்றால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் சிறு காசு பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032 தான், ஆனால் லேப்டாப்பில் கம்பியும் இணைப்பியும் சேர்ந்து வரும். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டி வாங்குவது நல்லது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் நேரம் சரியாக 8 மணி நேரம் தள்ளிப்போனால் பேட்டரி காரணமில்லை. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் சிங்கப்பூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று வாசிக்கிறது. "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" தீர்த்துவிடும்.

காரணமே இல்லாமல் உறைந்துபோகும் லேப்டாப்புக்கு மூன்று சோதனைகள். இரவு முழுவதும் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடட்டும். "சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" என்பதோடு வட்டின் பெயரைக் கொடுத்து, பழுதாகி இடம் மாற்றப்பட்ட வட்டுப் பிரிவுகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு "சென்சர்ஸ்" கட்டளையால் வெப்பநிலை. நம் ஊர் வெக்கையில், குளிர்சாதனம் இல்லாத அறையில் பத்து வருடத் தூசியோடு ஓடும் மின்விசிறி பாவம். அதைத் துடைத்து, காய்ந்த வெப்பப் பசையை மாற்றியதும் "லினக்ஸ் உறைகிறது" என்ற புகார் நின்றுபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதற்காகப் போராட வேண்டாம்

உள்ளே 3ஜி மோடம் இருக்கிறது, அதற்கு டிரைவர் தேட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். சிங்கப்பூரில் 3ஜி சேவை 2024-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. கைரேகை உணரி, லினக்ஸின் கைரேகை மென்பொருளான "லிப்எஃப்பிரிண்ட்"டின் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்றால் கடவுச்சொல்லோடு இருந்துவிடலாம். இன்டெல் ஜிஎம்ஏ 500, 3600 கிராஃபிக்ஸ் கொண்ட ஆட்டம் நெட்புக்குகளுக்கு முடுக்கம் தரும் நல்ல டிரைவர் வந்ததே இல்லை. காணொளி பார்க்க நினைப்பவருக்கு அவற்றைத் தயார்செய்து கொடுக்காதீர்கள்.

மீட்க முடியாததையும் உப்பிய பேட்டரியையும் குப்பைச் சரிவில் போடக் கூடாது, தீப்பிடிக்கும். 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுக்குத் தயாரிப்பாளர் பொறுப்புத் திட்டம் நடப்பில் இருக்கிறது, அதன்படி 300 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மின்சாதனக் கடைகள் சேகரிப்பு வசதி வைத்திருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் நினைவகத்தையும் எஸ்எஸ்டியையும் நல்ல வைஃபை அட்டையையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த லேப்டாப்புக்கு ஆகும்.